எலிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை



இந்த வாரத் தியானப் பகுதி: யோபு 38:39–41, நீதிமொழிகள் 12:10, லூக்கா 12:6.

யோபின் புத்தகம் 38-ஆம் அதிகாரத்தில் தேவன் பெருங்காற்றின் நடுவிலிருந்து பேசத் தொடங்கி, கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். பூமிக்கு அஸ்திபாரம் இட்டபோது யோபு எங்கே இருந்தான், கடலுக்கு எல்லை குறித்தவர் யார், பனியும் கல்மழையும் எந்தப் பண்டசாலையிலிருந்து வருகின்றன என்று கேட்டுக்கொண்டே வந்து, அதிகாரத்தின் முடிவில் காட்டுக்குள் இறங்குகிறார். சிங்கத்துக்கு இரை தேடிக் கொடுக்க யோபினால் ஆகுமா? காக்கைக் குஞ்சுகள் பசியால் கத்தும்போது அவற்றுக்கு ஆகாரம் கொடுப்பவர் யார்? யோபு பதில் சொல்லவில்லை. அது மனிதனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை அன்று என்பதை அவன் அறிந்திருந்தான்.

ஆனால் நம் காலத்தில் அந்தக் கேள்விக்கு, "ஆம், நான் கொடுக்கிறேன்" என்று பதில் சொல்லுகிறவர்கள் உண்டு. வீட்டில் பாம்பு வளர்ப்பவர்களையே சொல்லுகிறேன். நாய்க்கும் பூனைக்கும் நம் இலையில் மிஞ்சியது போதும். பாம்புக்கு அது போதாது. பாம்பை வளர்ப்பவன் அதற்கு இரையாக வேறொரு உயிரையும் வளர்க்க வேண்டும், அல்லது விலை கொடுத்து வாங்க வேண்டும். தேவன் தம்முடையது என்று சொன்ன ஒரு வேலையை அவன் தன் கையில் எடுத்துக்கொள்ளுகிறான்.

இதை எழுதக் காரணம், மஞ்சக்குப்பத்தில் உள்ள நம் சபையின் ஒரு குடும்பம். அவர்களுடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். பெங்களூரில் வேலை செய்யும் மகன், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்ற அனுமதி கிடைத்தபோது, தன் கணினியோடு ஒரு பாம்பையும் கொண்டுவந்துவிட்டான். பால் பைத்தான் என்பது அதன் பெயர். பால் என்றதும் புற்றுக்குப் பால் வார்ப்பதை நினைத்துக்கொள்ள வேண்டாம். பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் என்பதால் ஆங்கிலத்தில் வைத்த பெயர் அது. ஆப்பிரிக்காவின் மேற்கு, மத்தியப் பகுதிகளைச் சேர்ந்த, நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு.

அந்தத் தாயார் ஆராதனை முடிந்ததும் என்னிடம் வந்து, "ஐயா, கிறிஸ்தவ வீட்டிலே பாம்பு இருக்கலாமா? ஏதேன் தோட்டத்திலே வந்ததும் அதுதானே?" என்று கேட்டார்கள். அன்றுமுதல் சபையில் பலரும் அதே கேள்வியைக் கேட்டார்கள். பாம்பு சாத்தானின் அடையாளம் அல்லவா என்றார்கள். மோசே வனாந்தரத்தில் உயர்த்திய வெண்கலச் சர்ப்பத்தைத் தமக்கு ஒப்புமையாக நம் ஆண்டவரே எடுத்துச் சொன்னார் (யோவான் 3:14) என்றும், சர்ப்பத்தின் விவேகத்தைச் சீஷர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார் (மத்தேயு 10:16) என்றும் அவர்களுக்கு விளக்கினேன். பாம்பும் தேவனுடைய சிருஷ்டியே. கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு பாம்பினால் ஒரு வீட்டின் ஜெபம் தடைபடாது.

சட்டத்தைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். நல்லபாம்பு, சாரை முதலிய நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டுப் பாம்புகளைப் பொறுத்தவரை, சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் உள்ள இனங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதற்கான விதிகள் 2024-இல் வந்தன. பால் பைத்தானும் அந்தப் பட்டியலில் உள்ளது. தம்பி பதிவுத் தாளைக் காட்டினான். அது நல்லது. ஏனென்றால் இத்தகைய பாம்புகள் எப்படியெல்லாம் நம் நாட்டுக்குள் வருகின்றன என்பதைச் செய்தித்தாள் வாசிப்போர் அறிவர். 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்து எவரும் எடுக்காமல் கிடந்த இரண்டு பைகளைச் சுங்கத்துறையினர் திறந்தபோது, உள்ளே 45 பால் பைத்தான்கள் அடைபட்டுக் கிடந்தன.

பாம்பைப் பற்றி இத்தனை கேள்விகள் வந்தன. எலிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அவ்வீட்டுக்கு ஜெபிக்கச் சென்றபோது பின்கட்டில் அவற்றைப் பார்த்தேன். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், மூடியில் துளையிட்ட இரண்டு பிளாஸ்டிக் பெட்டிகள். உள்ளே மரத்தூளின்மேல் வெள்ளை எலிகள். மூடியைத் திறந்ததும் சிறுநீரின் நெடி கண்ணைக் கரித்தது. ஒரு மூலையில், உரோமம் முளைக்காத இளஞ்சிவப்புக் குஞ்சுகளின்மேல் தாய் எலி படுத்திருந்தது. வெள்ளெலியின் கர்ப்பகாலம் ஏறக்குறைய மூன்று வாரம். ஓர் ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குஞ்சுகள் சாதாரணம். மூன்று வாரத்தில் அவை பால்குடி மறக்கும். இரண்டு மாதத்துக்குள் அவையே தாயாகிவிடும். பிறந்த குஞ்சுகள் தாயைப் பிரிந்தால் அழும். ஆனால் அந்தக் குரல் நம் செவிக்கு எட்டாத அளவு உச்சமானது. தாய்க்குக் கேட்கும். அது ஓடிவந்து வாயால் கவ்வி எடுத்துச் செல்லும். காக்கைக் குஞ்சின் கத்தல் தம்மை நோக்கிய கூப்பிடுதல் என்று சொன்ன தேவனுக்கு இந்தக் குரலும் கேட்கும் என்றே நான் விசுவாசிக்கிறேன்.

"எவ்வளவு நாளைக்கு ஒன்று, தம்பி?" என்று கேட்டேன்.

"பத்து நாளைக்கு ஒண்ணு போதும் ஐயா. எலிதானே?"

பத்து நாளைக்கு ஒன்று என்றால் ஆண்டுக்கு 36. இந்தப் பாம்பு நல்ல பராமரிப்பில் 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியது. ஒரு பாம்பின் ஆயுளுக்கு எழுநூறுக்கும் மேற்பட்ட எலிகள். இதை அவனைக் கடிந்துகொள்ளும் எண்ணத்தோடு எழுதவில்லை. பாம்பு புல் தின்னாது. சிங்கங்கள் கெர்ச்சித்துத் தேவனிடத்தில் தங்கள் இரையைத் தேடுகின்றன என்ற கருத்தை 104-ஆம் சங்கீதம் குறைகூறும் தொனியில் பாடவில்லை, துதியாகவே பாடுகிறது. உயிர் உயிரைத் தின்று பிழைப்பது இந்த உலகத்தின் இப்போதைய நிலை. ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் அப்போஸ்தலன், சிருஷ்டி முழுவதும் மீட்புக்காகப் பெருமூச்சுவிடுகிறது என்று எழுதியது இதையும் சேர்த்துத்தான்.

என் மனதை உறுத்தியது வேறு. ஞாயிறு மாலைகளில் பாம்புக்கு இரை போடுவதைப் பார்க்க, நம் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளைகள் அங்கே கூடுகிறார்கள் என்று தெரிய வந்தது. உயிருள்ள எலியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விடுவார்கள். அது மூலைக்கு மூலை ஓடும். கைப்பேசிகள் உயரும். சிறுவர்கள் ஆரவாரம் செய்வார்கள்.

வயலில் நடப்பதும் இதுதானே என்று சிலர் கேட்கக்கூடும். இதுவல்ல. வயலில் எலிக்கு வளை உண்டு. வளைக்கு இரண்டாவது வாசலும் உண்டு. சாரைப்பாம்பு பல முறை முயன்று, பல முறை ஏமாந்து, ஒரு முறை பிடிக்கும். கண்ணாடிப் பெட்டியில் ஓட இடமில்லை, ஒளிய வளையில்லை. பாம்புக்கும் அது பாதுகாப்பு அன்று. பசியில்லாத பாம்போடு எலியை விட்டுவைத்தால், எலி தன் பயத்தில் பாம்பின் உடலைக் கடித்துக் குதறிவிடும் என்று கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஆகவேதான் பல நாடுகளில் பாம்பு வளர்ப்போர், வலியின்றிக் கொன்று உறையவைத்த எலியை வெதுவெதுப்பாக்கிக் கொடுக்கும் வழக்கத்துக்கு மாறியிருக்கிறார்கள். நம் நாட்டின் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டமும் 11-ஆம் பிரிவில் ஒன்றைச் சொல்லுகிறது: கேளிக்கைக்காக மாத்திரம் ஒரு பிராணியை அடைத்துவைத்து வேறொரு பிராணிக்கு இரையாக்குவது குற்றம். பசிக்கும் கேளிக்கைக்கும் நடுவே ஒரு கோடு உண்டு என்பதை நாட்டின் சட்டமே கண்டுகொண்டது. தேவனுடைய பிள்ளைகள் அதைக் காணாதிருக்கலாமா?

நீதிமொழிகள் 12:10-ஐ நாம் அனைவரும் அறிவோம். நீதிமான் தன் மிருகத்தின் உயிரைப் பேணுகிறான் என்று அதற்குப் பொருள் கொள்ளுகிறோம். இறையியல் கல்லூரியில் எபிரேய மொழியில் இவ்வசனத்தைக் கற்றபோது ஒரு சொல் என் மனதில் பதிந்தது. மூலத்தில் "அறிகிறான்" என்ற வினைச்சொல் நிற்கிறது. நீதிமான் தன் மிருகத்தின் "நெஃபெஷ்" என்னும் உயிரை அறிகிறான். அது எப்போது பசிக்கும், எதற்குப் பயப்படும், எங்கே வலிக்கும் என்பதை அறிந்திருக்கிறான். அந்தத் தம்பி தன் பாம்பை நன்றாக அறிந்திருந்தான். பெட்டியின் வெப்பம் எத்தனை பாகை, ஈரப்பதம் எவ்வளவு, எப்போது சட்டை உரிக்கும் என்று விரல்நுனியில் வைத்திருந்தான். ஆனால் அவன் வீட்டில் இருந்த மிருகங்கள் இருவகை. இரண்டாவது வகையை அவன் அறியவில்லை. அவற்றுக்கு "தீனி" என்று பெயர் வைத்த நாளிலேயே, அவற்றை அறியும் கடமையும் தீர்ந்துவிட்டதாக எண்ணிக்கொண்டான். அவ்வசனத்தின் பிற்பகுதி இங்கே கூர்மையாகக் குத்துகிறது. துன்மார்க்கன் காட்டும் இரக்கத்துக்குள்ளும் கொடுமை இருக்கும் என்பது அதன் பொருள். ஒரு பிராணிக்கு நாம் காட்டும் அன்பின் செலவை வேறொரு பிராணியின் தலையில் சுமத்தினால், அந்த அன்பையும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

"எலிதானே" என்ற சொல்லுக்கு நம் ஆண்டவரிடம் பதில் இருக்கிறது. மத்தேயுவில் இரண்டு அடைக்கலான் குருவிகள் ஒரு காசுக்கு விற்கப்படுவதைச் சொன்னவர், லூக்காவில் இரண்டு காசுக்கு ஐந்து என்று கணக்கிடுகிறார். நான்கு குருவிகளுக்குத்தான் விலை. ஐந்தாவது குருவி கொசுறு. அவை ஏழைகளின் உணவுக்காகச் சந்தையில் விற்கப்பட்டவை. கூட்டில் வைத்துக் கொஞ்சுவதற்காக அல்ல. அதாவது அவையும் தீனிதான். அந்த விலையில்லாத ஐந்தாவது குருவியையும் சேர்த்தே, தேவன் அவற்றில் ஒன்றையும் மறப்பதில்லை என்றார் இயேசு. குருவி விற்பதை அவர் தடை செய்யவில்லை. ஆனால் மலிவான விலை, உயிரின் மதிப்பைக் குறைத்துவிடும் என்பதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

பாம்பையும் எலியையும் கையாளுவதை நாம் அயல்நாட்டுக் காணொளிகளில் கற்க வேண்டியதில்லை. நம் மாவட்டத்திலேயே, சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பிச்சாவரம் பகுதிகளில் வாழும் இருளர் மக்களை நாம் அறிவோம். வரப்பு வளைகளைத் தோண்டி எலி பிடித்து, எலி சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துக்கொண்டு, விவசாயியின் விளைச்சலைக் காத்தவர்கள் அவர்கள். பாம்புத்தோல் வணிகம் சட்டத்தால் நின்றபின், வடநெம்மேலியில் 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, மண்பானைகளில் சில வாரங்கள் வைத்திருந்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மறுபடியும் உடனே பிடிபடாதபடி வயிற்றுச் செதிலில் ஓர் அடையாளம் இட்டு, காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சைக் கொண்டுதான் பாம்புக்கடிக்கான மருந்து செய்யப்படுகிறது. இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மரிக்கிறார்கள் என்று 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம் வயல்களில் களை பறிக்கும் கைகள் அந்த மருந்தை நம்பியிருக்கின்றன. அந்த மருந்தின் வீரியம் வெள்ளை எலிகளைக் கொண்டே சோதிக்கப்படுகிறது என்பதையும் சொல்லவேண்டும். அங்கேயும் எலி மடிகிறது. ஆனால் ஒரு குடும்பத்தின் தகப்பன் பிழைக்கிறான். மரணம் ஒன்றாக இருந்தாலும் நோக்கம் ஒன்றல்ல.

அந்த மக்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017-இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கு அழைக்கப்பட்டார்கள். வளர்ப்புப் பிராணிகளாக அங்கே கொண்டுவரப்பட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புநிலங்களில் பெருகி, அங்குள்ள சிறு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. வளர்த்துச் சலித்தவர்கள் விட்டுவிட்ட பாம்புகளும் அதற்கு ஒரு காரணம். அவற்றைக் கண்டுபிடிக்க நம் இருளர் சகோதரரின் கண்கள் தேவைப்பட்டன. 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. "எலி பிடிக்கிறவன்" என்ற சொல்லை இழிவாகச் சொல்லும் நாவுகள் நம் ஊரில் இன்னும் உண்டு. அவை நம் சபையில் இருக்கலாகாது. சலித்துப்போனால் கெடிலம் ஆற்றங்கரையில் விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு எவரும் எந்தப் பிராணியையும் வாங்கவும் கூடாது.

அந்தத் தம்பியிடம் மூன்று காரியங்களைச் சொன்னேன். இனி இரை கொடுக்கும்போது பார்வையாளர் வேண்டாம். எலிகளுக்கு நெருக்கமில்லாத இடமும், சுத்தமான தண்ணீரும், நாள்தோறும் மாற்றிய படுக்கையும் வேண்டும். ஒரு வாரமே வாழப்போகிற உயிருக்கும் அந்த ஒரு வாரம் அதன் முழு வாழ்நாளே. மூன்றாவது, உயிரோடு பெட்டிக்குள் விட வேண்டாம்.

மூன்றாவதில்தான் சிக்கல் வந்தது. உறையவைத்த எலியை வாங்கி வைக்கலாம் என்றான். "மீனும் மாவும் வைக்கிற ஃபிரிட்ஜிலே எலியா? இந்த வீட்டிலே நான் உயிரோட இருக்கிற வரைக்கும் நடக்காதுடா" என்றார்கள் தாயார். அதற்கு மேல் அங்கே எந்த இறையியலும் எடுபடவில்லை. கடைசியில் அவன் ஒரு கால்நடை மருத்துவரிடம் சென்று, எலிக்குத் துன்பமில்லாமல் நொடியில் முடிக்கும் முறையைக் கற்றுக்கொண்டு, தானே அதைச் செய்யத் தொடங்கினான்.

ஒரு மாதம் கழித்து ஆலயத்துக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. "முன்னே எலியை உள்ளே விட்டுட்டு, இயற்கைதானேன்னு சொல்லிக்குவேன் ஐயா. இப்போ என் கையாலே செய்யறப்போ அப்படிச் சொல்ல முடியலே" என்றான்.

அவனுக்கு நான் ஆறுதல் சொல்லவில்லை. அவனுடைய அந்தப் பாரம் நல்ல பாரம் என்றே சொன்னேன். சிங்கத்துக்கு இரை கொடுப்பாயா என்ற கேள்விக்கு ஆம் என்று சொன்னவன், அந்த வேலையின் கனத்தையும் உணர வேண்டும். தேவன் நோவாவுக்கு மாம்சம் புசிக்க அனுமதி கொடுத்தபோது, இரத்தத்தைப் புசிக்கலாகாது என்றும், உயிர் தமக்குரியது என்றும் கூடவே கட்டளையிட்டார் (ஆதியாகமம் 9). உபாகமம் 22-இல் குருவிக் கூட்டைக் காண்கிறவன் குஞ்சுகளை எடுத்துக்கொள்ளலாம். தாயையோ விட்டுவிட வேண்டும். அனுமதி உண்டு, எல்லையும் உண்டு. எடுக்கும் கை ஒரு கணம் தயங்கி நிற்க வேண்டும் என்று தேவன் விரும்புகிறார். இன்னொரு பாம்பு வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டதாக அந்தத் தம்பி பின்னர் சொன்னான். இருக்கிற பாம்பை அதன் ஆயுள்வரை பராமரிப்பதாகவும் சொன்னான். அது சரியான முடிவு.

பிரியமானவர்களே, பாம்பு வளர்க்கும் வீடு நம் சபையில் ஒன்றுதான். ஆகிலும் இந்தத் தியானம் அந்த ஒரு வீட்டுக்கு மாத்திரம் அல்ல. அறுப்பின் பண்டிகை வருகிறது. நன்றியறிதலோடு கோழிகளையும் ஆடுகளையும் ஏலத்துக்குக் கொண்டுவருவோம். கால் கட்டப்பட்ட கோழிகள், ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கும்வரை வெயிலில் வாய் திறந்து கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பின்பு இருசக்கர வண்டியின் கைப்பிடியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வீடுபோய்ச் சேரும். அவை தேவனுக்கென்று படைக்கப்பட்ட காணிக்கைகள். காணிக்கைப் பெட்டியை நாம் அப்படி வெயிலில் வைப்போமா?

ஆகவே சபைக் குழுவின் முன்பாக இவ்வாண்டு ஒரு வேண்டுகோளை வைத்திருக்கிறேன். ஆலயத்தின் வடபுறத்து மரநிழலில் ஓர் இடம் ஒதுக்கப்படும். தண்ணீர்த் தொட்டி வைக்கப்படும். கோழிகள் கூடைகளில் வரட்டும், கூடைகளிலேயே போகட்டும். கூடை இல்லாதவர்களுக்கு வாலிபர் ஐக்கியம் ஏற்பாடு செய்யும். அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டவன் யார் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். நினிவே பட்டணத்தின் இலட்சக்கணக்கான மக்களோடு அங்கிருந்த மிருகஜீவன்களையும் எண்ணிப் பார்த்து யோனாவிடம் பரிந்து பேசிய தேவன், அந்தக் கூடைகளையும் காண்பார்.

ஜெபிப்போம்: சகல ஜீவன்களுக்கும் ஏற்ற வேளையில் ஆகாரம் கொடுக்கிற பிதாவே, எங்கள் கைகளில் நீர் ஒப்புவித்த உயிர்களை அறியும் இருதயத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் உணவுக்காகவும் எங்கள் பிரியத்துக்காகவும் மடிகிற உயிர்களை அற்பமாய் எண்ணாதபடி எங்களைக் காத்தருளும். ஐந்தாவது குருவியையும் மறவாத உம்முடைய இரக்கத்தை எங்கள் பிள்ளைகள் எங்களில் காணச் செய்யும். சிருஷ்டியின் பெருமூச்சு ஓயும் நாளுக்காகக் காத்திருக்கிறோம். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்